வரப்பில் கழற்றிய செருப்பு

மலேசியாவில் அக்கா வீட்டில் வரைபடத்தைப் புரட்டியபோதுதான் அந்த யோசனை வந்தது. வடக்கே கெடாவில் முழுக்க நெல் வயலாம். அப்பாவை அங்கே கூட்டிப்போனால் மனசு மாறும் என்று நினைத்தேன்.

நன்னிலம் பக்கம் நாங்கள் முப்பது வருஷம் குத்தகைக்கு உழுத நிலத்தை உடையவர் பறித்துக்கொண்டார். மேல்முறையீட்டு மனுவில் கையெழுத்துப் போட அப்பா மறுத்தார். "அவங்க நிலம், அவங்க எடுத்துக்கிட்டாங்க" என்பதோடு சரி.

அக்காவின் காரை நான் ஓட்டினேன். வழியெல்லாம் எண்ணெய்ப்பனை; பின் சீட்டில் அப்பாவும் அம்மாவும். வயல் பச்சையைக் கண்டதும் நிறுத்தி, "இறங்குங்கப்பா" என்றேன்.

வரப்பின் முனையில் அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். உடையவர் வரப்பில் செருப்போடு நடக்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே பழக்கிய கால்.

"இங்க யாருங்க பாக்கப்போறா? போட்டுக்கங்க" என்றாள் அம்மா.

"தெரியுது. கால் கேக்கமாட்டேங்குது."

சுற்றிலும் பார்த்தார். ஆளே இல்லை, தூரத்தில் ஓர் இயந்திரம் மட்டும். "யாரைக் கேட்டுட்டு இறங்குறது?" என்று காருக்கே திரும்பிவிட்டார். பையிலிருந்து மனுவை எடுத்து நீட்டினேன். கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். என் அவசரம் எனக்கே வெட்கமாக இருந்தது.

அம்மா வரப்பிலேயே நின்றாள். "அந்த வயல்ல நட்டதும் களையெடுத்ததும் நான்தானே. மனுவை என் பேர்ல போட முடியாதா?"

ஊருக்குப் போன மறுநாளே தாலுகா ஆபீசில் அதைக் கேட்க வேண்டும், அம்மாவையும் கூட்டிக்கொண்டு.