காளிமலையில் பாதி வழி: இமயத்துக்கு வழிகாட்டி வேண்டுமா?

வரும் மே மாதம் இமயமலையில் ஒரு வாரம் நடப்பதென்று தோழி கிளோரியும் நானும் முடிவு செய்திருக்கிறோம். வழிகாட்டியோடு போவதா, நாங்களாகவே போவதா என்பதுதான் தீராமல் இருந்தது. எனக்கு வழிகாட்டிகள்மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. பணம் கொடுத்து இன்னொருவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடப்பானேன்? ஆனால் கிளோரிக்குச் சென்ற ஆண்டு இடது முழங்காலில் சவ்வு கிழிந்து சிகிச்சை நடந்தது. அது தாங்குமா என்று பார்க்க, ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காளிமலைக்கு நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். முழங்கால் தாங்கினால் இமயத்துக்கும் வழிகாட்டி வேண்டாம் என்பது பேச்சு.

பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குக் காலை 6.40 பஸ், ஏறக்குறைய பதினாறு கிலோமீட்டர். அங்கிருந்து பத்துகாணிக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய்.

“கைடு இல்லியா அக்கா? எனக்க மச்சான் உண்டு, விளிக்கட்டா?” என்றார் ஓட்டுநர்.

“வேண்டாம்.”

“ஜீப்பு?”

“அதுவும் வேண்டாம். நடக்கத்தான் வந்தோம்.”

“பின்ன எனக்க ஆட்டோவில எதுக்காக்கும் ஏறினிய?”

கிளோரி அவர் கட்சியில் சேர்ந்து சிரித்தாள்.

எட்டு மணிக்கு ஏறத் தொடங்கினோம். ரப்பர்த் தோட்டம் முடிந்ததும் பாறையும் புல்லும். கிளோரி பேசிக்கொண்டே நடப்பவள். பாதி மலையில் பேச்சு நின்றது. இடது காலைப் பக்கவாட்டில் வைக்க ஆரம்பித்தாள்.

“வலிக்குதா?”

“கொழப்பம் இல்ல, நட மக்கா.”

ஒன்றுமில்லை என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல்; கை ஒடிந்தாலும் முதலில் வருவது அதுதான். எனக்குத் திரும்பிவிடலாம் என்றிருந்தது. மேலே மேகம் வேறு திரண்டது. ஆனால் சிகிச்சை முடிந்த நாளிலிருந்து மலை மலை என்றே பேசியவளிடம், போதும் என்று எப்படிச் சொல்வது? நடந்தேன்.

ஒரு திருப்பத்தில், காலிப் பூக்கூடையோடு உச்சியிலுள்ள காளி கோயிலிலிருந்து இறங்கிய ஒரு பெண் எங்களைப் பார்த்து நின்றார்.

“மேல மழையாக்கும். பாறை வழுக்கும் கேட்டியளா. ஒங்கள்ல ஆருக்கு நேர்ச்சை?”

வேண்டுதல் யாருக்கு என்கிறார். “இவளுக்கு” என்று நான் கிளோரியைக் காட்டினேன். அதே நேரம் அவள் என்னைக் காட்டினாள்.

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேருக்கும் இல்லேங்கில் பின்ன எதுக்குப் போறிய?”

அவர் போனதும் கிளோரி பாறையில் உட்கார்ந்தாள். “எனக்கு அரை மணிக்கூறு முன்னாடியே வலி உண்டு. ஒனக்க ஆசையைக் கெடுக்கண்டாம்னு வாறேன்.”

“நான் உனக்காக நடக்கிறேன்டி!”

“கொள்ளாம், நல்ல கத! காலு எனக்காக்கும், சண்டாளி!”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருவரும் சிரித்தோம். அதற்குள் மழை பிடித்தது. ஏற இரண்டு மணி நேரம் எடுத்த தூரத்தை, என் தோளில் அவள் கையுடன் இறங்க மூன்றரை மணி நேரம் ஆயிற்று. பாறையில் ஒருமுறை அவள் முழங்கால் மடங்கியபோது இருவரும் சேர்ந்தே சரியப் பார்த்தோம். அடுத்த பத்து நாள் அவள் முழங்கால் வீங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தால் மே மாதப் பயணமே இருந்திருக்காது.

இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு: ஐப்பசியில் காளிமலைக்குப் போனால் மேகம் திரண்டதுமே இறங்கிவிடுங்கள். கூட வருபவர் முகத்துக்கு நேராக உங்களிடம் ‘போதும், திரும்பு’ என்று சொல்லக்கூடியவர் என்றால், வழி தெரிந்த சிறு மலைகளுக்கு வழிகாட்டி இல்லாமலே போகலாம். கிளோரியும் நானும் இருபது ஆண்டுப் பழக்கத்தில் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாதவர்களாகிவிட்டோம். எனவே இமயத்துக்கு வழிகாட்டி உண்டு. அவரிடம் தொலைபேசியில் நான் கேட்டது ஒன்றுதான்: எங்களைப் பாதியில் திருப்பி அனுப்புவீர்களா? தயங்காமல் ‘அனுப்புவேன்’ என்றார்.

அதைச் சொல்லி, உனக்குச் சம்மதமா என்று கேட்டதும், “கொழப்பம் இல்ல” என்றாள் கிளோரி.

இந்த முறை நான் விடவில்லை. எதிரே உட்கார்ந்து மறுபடியும் கேட்டேன்.