தனக்குத்தானே கதைத்த கணினி

பதினொரு நாட்கள் ஒரு கணினி தன்னோடு தானே பேசிக்கொண்டிருந்ததை, இரண்டு கணினிகள் பேசிக்கொள்கின்றன என்று நம்பியவன் நான். நம்பியதோடு விட்டிருக்கலாம். முகாமையாளரைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தேன்.

கொட்டாஞ்சேனையில் கப்பல் சரக்குக்குப் பத்திரம் தயாரிக்கும் சிறிய அலுவலகம் அது. கீழ்த்தளத்தில் என் மேசையில் ஒரு கணினி. மேல்மாடியில் இன்னொன்று, சரக்கின் எடையையும் கன அளவையும் கணக்கிடும் நிரல் அதில் மட்டுமே இருந்தது. மாலையில் நான் தயாரிக்கும் பட்டியலைப் புளொப்பி வட்டில் எடுத்துக்கொண்டு எழுதுவினைஞர் பெண் ஒருத்தி மேலே போவாள். கணக்கை ஓட்டி, அச்சிட்டு, கையெழுத்துக்குக் கீழே கொண்டுவருவாள்.

அவள் வீடு வெள்ளவத்தையில். ஆறு மணிக்குப் பிறகு வழிநெடுகச் சோதனைச்சாவடி. மகள் வரும்வரை தகப்பன் காலி வீதி பஸ் தரிப்பில் நிற்பார். ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றதற்காக அவரை இரண்டு தரம் பொலிசுக்குக் கொண்டுபோய் விசாரித்திருந்தார்கள். மூன்றாந்தரம் விடமாட்டார்கள் என்பது அவள் பயம்.

"அண்ணா, ஏதும் வழி செய்யுங்கோவன். அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டாக் காணும்" என்றாள்.

வழி என்றதும் என் கண்ணில் பட்டது மாடிப்படிதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்த நண்பன், அங்கே பரிசோதனையில் இருந்த மென்பொருள் ஒன்றை நாலு புளொப்பியில் அனுப்பியிருந்தான். ஒரு கணினியில் இருந்துகொண்டு ஒரு வேலையைக் கேட்டால், கேபிளின் அடுத்த முனையிலுள்ள கணினி அதைச் செய்து விடையை அனுப்பும். வேலை எங்கே நடந்தது என்பது கேட்டவருக்குத் தெரியவே தெரியாது. அதுவே இதன் பெருஞ்சிறப்பு என்று குறிப்பில் எழுதியிருந்தது. இது வேலை செய்யாமலும் போகலாம் என்றும் எழுதியிருந்தது. கல்யாணப் பேச்சில்கூட இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

நிறுவ மூன்று வாரம் பிடித்தது. படிக்கட்டோரமாகக் கறுப்புக் கேபிள் இழுத்தேன். பிழைச்செய்திகளை ஒவ்வொன்றாகத் தீர்த்தேன். எந்தக் கணினியைக் கேட்பது என்று ஒரு கோப்பில் எழுதவேண்டும். மாதிரியில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். மாதிரியில் இருந்தது, எந்தக் கணினியில் நிறுவுகிறோமோ அதையே குறிக்கும் பெயர்.

முதற் சோதனையாக ஏழையும் எட்டையும் கூட்டச் சொன்னேன். பதினைந்து என்று வந்தது. எல்லோருக்கும் மீன் பணிஸ் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த நாட்களிலும் கூட்டல்தான் கேட்டேன். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. என் மேசைக் கணினிக்கும் கூட்டத் தெரியும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

காட்டும் நாளில் முகாமையாளர் என் பின்னால் நின்றார். அவளை மேலே போய்த் திரையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

"நூற்றிப் பதின்மூண்டையும் இருபத்தெட்டையும் கூட்டச் சொல்லும்" என்றார் அவர்.

நூற்று நாற்பத்தொன்று வந்தது. "பரவாயில்லையே" என்றார். அவரிடமிருந்து அதற்குமேல் ஒரு பாராட்டை யாரும் வாங்கியதில்லை.

அப்போது அவள் படிக்கட்டில் பாதி இறங்கி எட்டிப் பார்த்தாள். "எப்ப அண்ணா அனுப்பப் போறீங்க?"

"அனுப்பி விடையும் வந்திட்டுது."

"இங்க ஒண்டும் வரேல்லயே. நேற்று நீங்க சாப்பிடப் போன நேரம் செக்கிங்குக்கு வந்த ஆமிக்காரர் சந்தேகப்பட்டு மேல்மாடி வயரைக் கழட்டிக்கொண்டு போயிட்டினம். வயர் இல்லாமலும் வேலை செய்யுமோ?"

முகாமையாளர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப இந்தக் கணக்கை ஆர் செய்தது?"

"இந்த மேசைக் கணினிதான் சேர்."

"இதுக்குக் கூட்டத் தெரியும் எண்டு வித்தவனே சொன்னவன், தம்பி."

கோப்பைத் திறந்து, என் கணினியையே குறித்த பெயரை அழித்து மேல்மாடிக் கணினியின் பெயரை எழுதினேன். புதுக் கேபிளுக்கு முகாமையாளரிடம் கடிதம் கொடுத்து, அது வந்துசேர இரண்டு வாரம் ஆனது. இந்த முறை மேல்மாடிக் கணினியிடம் அதன் பெயரையே கேட்டு, பதிலைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். மறுநாள் பட்டியல் முழுவதும் மேலே கணக்காகி, ஒரு நிமிடத்தில் என் மேசைக்கே திரும்பி வந்தது. அவள் ஒரு படிகூட ஏறவில்லை. அச்சிட்டுக் கையெழுத்தும் வாங்கி முடிந்ததும் பெருமையோடு மணியைப் பார்த்தேன். ஆறேகால். அவள் அப்போதுதான் கைப்பையை எடுத்தாள்.

இன்னும் ஏன் பிந்துகிறது என்று கேட்டேன்.

"மேல போய்வர எனக்கு அஞ்சு நிமிசந்தான் அண்ணா" என்றாள். "நீங்க லிஸ்ட் தாறதே அஞ்சே முக்காலுக்குத்தானே."