ஒரே பாட்டில் பத்து மதில்

தியேட்டர் மேனேஜர் உத்தியோகத்தில் பார்க்கக் கிடைப்பவை இரண்டு: எந்தப் படத்துக்கும் முதல் பத்து நிமிடம், பிறகு அதை முழுக்கப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களின் முகம். நடுவில் நடந்ததை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். முன்பு ஒரு டுடோரியலில் தமிழ் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் வரம்பு மீறியே ஊகிப்பேன்.

நீங்களும் பட்டிருப்பீர்கள். ஒரு நல்ல படம் பார்த்து மனம் இளகி, அந்த ஈரம் காய்வதற்குள் நாலு பேரிடம் "கட்டாயம் பாருங்கள்" என்று சொல்லியிருப்பீர்கள். அந்த நாலு பேரும் பார்த்துவிட்டு வந்து உங்களை ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார்கள். எனக்கு அது ஒரு வாரம் முழுக்க, தினம் நாலு காட்சி நடந்தது.

முதலாளியின் நோட்டு

எங்கள் முதலாளி வளைகுடாவில் இருபது வருடம் சரக்குக் கிட்டங்கி பார்த்தவர். போனில் வரும் நட்சத்திர மதிப்பெண்களை அவர் நம்புவதில்லை. அவருடைய முறை வேறு. காட்சி முடிந்ததும் வெளிவாசலின் ஒரு கதவை மட்டும் திறக்க வேண்டும். ஜனங்கள் ஒவ்வொருவராக வருவார்கள். நான் நோட்டோடு நின்று "எப்படி?" என்று கேட்க வேண்டும். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். வியாழக்கிழமை அவர் அதைப் படித்துவிட்டு, படம் அடுத்த வாரமும் நிற்குமா போகுமா என்று தீர்மானிப்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், "சவம், தல நோவு" என்று ஒருவர் சொன்னதை "திரைக்கதையில் தொய்வு" என்று எழுதிவைத்தேன். முதலாளி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "வே, உம்ம தமிழ நான் கேட்டனா? அவனுக்கு எங்க நோவுச்சோ அத எழுதும்."

இயக்குநர் கேட்ட ஒரு காரியம்

அந்த வாரம் வந்த படம் 'எங்க முடுக்கு'. முடுக்கு என்றால் சந்து. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கதை சிறியது. பத்து வீடுள்ள ஒரு முடுக்கு. பத்துப் பேரும் மதிலை முன்னால் தள்ளிக் கட்டி, வழி ஆள் நடக்க மட்டும் மிஞ்சுகிறது. முட்டுவலிக்கார அம்மா ஒருத்தியை வாரம் ஒருமுறை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நாலு பேர் ரோட்டுக்குத் தூக்கிப் போகிறார்கள். சண்டை, கூத்து, சிரிப்பு எல்லாம் முடிந்து, கடைசிப் பாட்டில் பத்துப் பேரும் மனம் மாறித் தங்கள் மதிலைத் தாங்களே இடிக்கிறார்கள். வீட்டு வாசலுக்குக் கார் வருகிறது. சுபம்.

எடுத்தவன் நம்மூர்ப் பையன் ஜெபின். சுசீந்திரம் பக்கம் வீடு. ரிலீசுக்கு முந்தின நாள் என் அறைக்கு வந்து, இது கதையல்ல, எங்கள் வீடு என்றான். அப்பா ஞானதாஸ், ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். எதிர்வீடு தாணுலிங்கம், பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஒரு காலத்தில் ஒரே செய்தித்தாளை இரண்டாகப் பிரித்து வாசித்த சிநேகம். ஒன்பது வருடத்துக்கு முன்னால், அவர் தள்ளிக் கட்டிவிடுவாரோ என்று இவரும், இவர் தள்ளிக் கட்டிவிடுவாரோ என்று அவரும், ஒரே வாரத்தில் இருவரும் தள்ளிக் கட்டினார்கள். அன்றோடு பேச்சு நின்றது. படத்தில் நாற்காலியில் போவது ஜெபினுடைய அம்மாதான்.

கலை அப்படியெல்லாம் கஷாயம் போல வேலை செய்யாது தம்பி, மெய்ப்பாடு எட்டு வகை என்று நான் தொடங்கினேன். அவன் குறுக்கே விழுந்தான். "சாரே, ஊரு சிரிக்கலன்னாலும் வேண்டாம். அவங்க ரெண்டு பேரும் ஒரே ஷோவுல இருந்து பாக்கணும். அம்மைய நாற்காலியில தூக்குகது நிக்கணும், அவ்வளவுதான்."

முட்டும் பட்டாவும்

வெள்ளிக்கிழமை மதியக் காட்சி விட்டது. நோட்டோடு நின்றேன். இந்த மாவட்டத்தில் கால் சென்ட் என்பது நிலமல்ல, மானம். இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். நடிப்பைப் பற்றி ஒருவர் பேசவில்லை. இசையைப் பற்றி ஒருவர் பேசவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் இருபது பேர் வட்டமாக நின்றார்கள். நடுவில் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர், குடை நுனியால் மண்ணில் முடுக்கை வரைந்துகொண்டிருந்தார். மூன்றாவது வீட்டு மதில் பட்டாவில் நிற்கிறதா, பாதையில் நிற்கிறதா? படத்தில் எல்லைக் கல்லைக் காட்டினார்களா, இல்லையா? காட்டினார்கள் என்று பாதிப் பேர். அது துணி துவைக்கிற கல் என்று மீதிப் பேர்.

படம் மனதைத் தொட்டதா என்று சர்வேயரிடம் பணிவாகக் கேட்டேன். அவர் குடையை மண்ணிலிருந்து எடுக்கவில்லை. "தொட்டுது, இல்லன்னு சொல்லல்ல. ஆனா ஒரு முட்டுவலிக்காக மதில இடிச்சிட்டான். நாளைக்கு முட்டு செரியாயிட்டா மதில யாரு கெட்டித் தருவா?"

சாய்ச்சுப் பிடி

எங்கள் ஆப்பரேட்டர் சுயம்பு. முப்பது வருடமாகப் புரொஜக்டர் அறையின் சின்னத் துவாரம் வழியாகவே உலகத்தைப் பார்ப்பவர். ஜனங்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று அவரிடம் கேட்டால் நிமிடத்தோடு சொல்வார். சனிக்கிழமை அவர் இறங்கி வந்தபோது முகம் சரியில்லை. நாற்காலிக் காட்சிக்கு ஒருவரும் சிரிக்கவில்லையாம். படத்தின் பெரிய சிரிப்பே அதுதான். நாற்காலி முடுக்கின் வளைவில் மாட்டிக்கொள்ளும். நாலு பேரும் நாலு பக்கம் இழுப்பார்கள். அம்மா மேலே உட்கார்ந்து வெற்றிலை போடுவாள்.

அடுத்த காட்சிக்கு நானே போய்ப் பின்வரிசையில் நின்றேன். நாற்காலி வளைவுக்கு வந்ததும் அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது. "ஏலே, சாய்ச்சுப் பிடி!" என்று ஒரு குரல். "பொறத்த நிக்கவன் முட்ட மடக்கணும்லா!" என்று இன்னொரு குரல். "கால மொதல்ல வெளிய எடு மக்கா, அம்மைக்கு இடிக்கும்!" என்றது பால்கனி. நாற்காலி ஒருவழியாக வெளியே வந்ததும் எல்லாரும் மூச்சு விட்டார்கள். கைதட்டினார்கள். தூக்கிப் பழகாத கை ஒன்றுகூட அங்கே இல்லை போலும். சுயம்பு துவாரத்திலிருந்து திரும்பாமலே சொன்னார்: "பாத்தேரா சாரே? இவங்க படம் பாக்கல்ல, கூட நின்னு தூக்குகாங்க."

சபையின் தீர்ப்பு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஒரு சபையின் பெண்கள் சங்கம் மொத்தமாக வேனில் வந்தது. ஜெபின் வீட்டாருக்கு வேண்டியவர்கள். அழுவதற்குத் தயாராகக் கைக்குட்டையோடு வந்திருந்தார்கள். அழவும் செய்தார்கள். எனக்குத் தெம்பு வந்தது. வெளியே வரும்போது அவர்களுக்குள் வாதம் மூண்டுவிட்டது. மனுஷ மனம் அப்படி மாறுமா, மாறாதா? கர்த்தர் நினைத்தால் மாறும் என்றார் ஒருவர். கர்த்தர் நினைத்தாலும் கொஞ்ச நாள் எடுப்பார் என்றார் இன்னொருவர்.

சங்கத்தின் செயலாளர் றோஸ்லெட் அம்மா மட்டும் நேரே என்னிடம் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். நோட்டை நீட்டினேன். நான் எழுதுவதை எட்டிப் பார்த்துக்கொண்டே நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "எங்க கோயில்ல ஒரு பெஞ்ச ரெண்டடி தள்ளிப் போட நாலு கமிட்டி கூடினோம். இந்தப் பையன் ஒரே பாட்டுல பத்து மதில இடிச்சிட்டான். படம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. பொய்."

கைப்பிடி

ஞானதாஸ் மாஸ்டர் புதன்கிழமை மதியக் காட்சிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு தியேட்டர் வாசல் மிதிக்காதவர், மகனுக்காக விரதத்தை முறித்தார். தாணுலிங்கத்தை எப்படி வரவைப்பது? போன் செய்தேன். "அண்ணாச்சி, படத்தில் உங்களைப் பற்றி ஒன்றுமே இல்லை. யாராவது ஏதாவது சொன்னால் நம்பி அலையாதீர்கள்" என்றேன். ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். மாஸ்டருக்கு எஃப் வரிசை பதினொன்று. இவருக்குப் பன்னிரண்டு. எனக்கும் இந்த வேலையில் ஏதாவது பொழுதுபோக்கு வேண்டாமா?

விளக்கு அணைந்த பிறகுதான் தாணுலிங்கத்தை உள்ளே விட்டேன். பக்கத்தில் யார் என்று தெரிந்தபோது எழுந்து போக இருவருக்கும் மனமில்லை. எழுந்தவன் தோற்றவன். பக்கக் கதவோரம் நின்று பார்த்தேன். நடுவிலிருந்த ஒரே கைப்பிடியில் இரண்டு முழங்கைகள். இவர் முன்பாதி, அவர் பின்பாதி. இடைவேளை வந்தது. இருவரும் எழவில்லை. டீ குடிக்கவில்லை, கழிப்பறைக்குப் போகவில்லை. கையை எடுத்தால் எல்லை போய்விடும். டீ வாங்க இறங்கி வந்த சுயம்பு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "சாரே, அந்தக் கைப்பிடிக்கும் ஒரு பட்டா போட்டுக் குடுத்திரும். இல்லன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவமாட்டாங்க."

புகார்

காட்சி விட்டு எல்லாரும் போன பிறகு என் அறைக் கதவு படாரென்று திறந்தது. தாணுலிங்கம். அவருக்குப் பின்னாலேயே மாஸ்டர். இருவருக்கும் முகம் சிவந்திருந்தது. சரி, கட்டிப் புரண்டுவிட்டார்கள் என்று மேஜையிலிருந்த கண்ணாடித் தம்ளரை எடுத்து ஒளித்தேன்.

"என்ன வே படம் போட்டிருக்கேரு? எம் மதில ஒம்பதடி ஒசரம்னு காட்டுகான், மேல முழுக்கக் கண்ணாடிச்சில்லு! எம் மதில்ல எங்க வே சில்லு இருக்கு?" என்று தாணுலிங்கம் கத்தினார்.

"சில்லு கெடையாது," என்றார் மாஸ்டர், அவரைப் பார்க்காமல். "ஆறடிதான். நான் தெனமும் பாக்கேன்லா."

"கேட்டேரா? சாட்சி இருக்கு."

"அது போட்டும்," என்று மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "கடைசியில நான் இவரு கால்ல விழுந்து அழுகதா எடுத்திருக்கான். நான் எந்தக் காலத்துல ஓய் உம்ம கால்ல விழுந்தேன்?"

"விழல்ல. விழுந்திருந்தா நானே பாத்திருப்பேன்லா."

ஒன்பது வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் இரண்டு விஷயங்களும் படம் தவறு என்பதுதான். புகார் எழுதித் தர வேண்டும் என்றார்கள். முதலாளியின் நோட்டையே கொடுத்தேன். தாணுலிங்கம் சொல்லச் சொல்ல மாஸ்டர் தம் அழகான கையெழுத்தில் எழுதினார். முடுக்கின் அகலம் என்ற இடத்தில் பேனா நின்றது. இவர் நாலடி என்றார். அவர் நாலரை என்றார். அளக்காமல் எழுதினால் புகார் நிற்காது, முதலில் போய் அளப்போம் என்று முடிவாகி, இருவரும் ஒரே ஆட்டோவில் ஏறிப் போனார்கள்.

போஸ்டர் போர்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற ஜெபின் ஓடிவந்தான். அவர்கள் எதற்குச் சேர்ந்து போகிறார்கள் என்று கேட்டான். உன்மேல் புகார் எழுத என்றேன். அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். "ஒம்பது வருஷம் கழிச்சு ஒண்ணு சேந்திருக்காங்க சாரே. இனி நான் எந்த ஊருல போயி ஒளிய?"

வியாழக்கிழமை

முதலாளி நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். இடையில் இரண்டு முறை தலையைப் பிடித்துக்கொண்டார். மனதைத் தொடும் சிரிப்புப் படம் மனதைத் தொட்டதா, சிரிப்பு வந்ததா என்று ஒரு வரி இல்லை. பட்டா, பாதை, பெஞ்சு, ஆறடி, அகலம் விட்டுப்போன ஒரு புகார். எல்லைக் கல்லா துவைக்கிற கல்லா என்று பார்க்க, சர்வேயர் மூன்றாவது முறையாக ஆள் கூட்டிக்கொண்டு வந்திருப்பதையும் சொன்னேன். முதலாளி நோட்டை மூடினார். "படம் பாக்க ஒருத்தனும் வரல்ல, செரி. கல்லு பாக்க வாறவன் வரட்டும். இன்னும் ஒரு வாரம் கெடக்கட்டும்."

அளவு

அடுத்த வாரக் கடைசியில் தாணுலிங்கம் தனியாக வந்தார். புகாரைத் திருத்த வேண்டுமாம். அன்றைக்கு டேப் பிடித்தது மாஸ்டர், படித்தது இவர். பத்திரத்தோடு ஒத்துப் பார்த்ததில் இவருடைய மதில் பதினாலு அங்குலம் வெளியே நின்றது. மாஸ்டருடையது பதிமூன்று. ஓர் அங்குலம் இவருக்கு அதிகம் என்றதும் மாஸ்டர் சிரித்துவிட்டாராம். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் இவர் மறுநாளே கொத்தனாரை வரவழைத்தார். இவர் மட்டும் நல்லவராகிவிடக் கூடாதே என்று அதே கொத்தனாரை மாஸ்டரும் கேட்டார். மதில் இரண்டும் உள்ளே போய்விட்டன. மற்ற எட்டு வீட்டு மதில்களும் முன்பு போலவே நிற்கின்றன. முடுக்கின் வாயில் இருப்பவை இந்த இரண்டு வீடும்தான் என்பதால், மாஸ்டர் வீட்டுப் படி வரைக்கும் இப்போது ஆட்டோ போகிறது. கார் போகாது. ஜெபினுடைய அம்மா இந்தச் செவ்வாய்க்கிழமை ஆட்டோவில் ஏறித்தான் வைத்தியத்துக்குப் போனாள்.

அப்படியானால் படம் பலித்துவிட்டதே அண்ணாச்சி என்றேன். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! நோட்டைப் பிடுங்கித் தம் விரலால் ஒரு வரியைத் தட்டிக் காட்டி, நான் எழுதுகிற வரைக்கும் விரலை எடுக்கவில்லை. "நல்லா எழுதும் வே: இடிக்கல்ல, உள்ள தள்ளிக் கெட்டினோம். படம் பாத்து மதில இடிச்சானுவன்னு நாளைக்கு ஒருத்தன் பேசப்பிடாது."

ஒரு நல்ல படம் மனிதர்களை எவ்வளவு தூரம் நகர்த்தும் என்று இன்னமும் விவாதித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு, எங்கள் தியேட்டர் சார்பாக நான் அளந்தே சொல்கிறேன்: இரண்டடி மூன்று அங்குலம்.