கடலைத் தண்ணீரில் ஒரு விஸ்கி சவர்

நேற்று சாயங்காலம் குக்கரைத் திறந்த என் மனைவி, கொண்டைக்கடலை வெந்த தண்ணீரை சிங்கில் ஊற்றப் போனாள். "ஐயோ, கொட்டாத!" என்று நான் கூடத்திலிருந்து கத்திய கத்தலில் கொலுப் படியில் இருந்த பொம்மைகளே ஒருமுறை ஆடியிருக்கும்.

"இன்னாங்க ஆச்சு உங்களுக்கு? கடலத் தண்ணிதானே?" என்றாள்.

தண்ணிதான். ஆனால் குக்கரிலிருந்து எழுந்த அந்த ஆவியின் வாசனை என்னை நேராக தி. நகரில் நான் வேலை பார்த்த ஹோட்டல் பாரில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. சரஸ்வதி பூஜைச் சுண்டலிலிருந்து விஸ்கிக்குத் தாவுகிற மனசை என்ன சொல்ல! கலைமகள் பொறுத்துக்கொள்ளட்டும்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயசு. கருப்பு வெயிஸ்ட்கோட், கழுத்தில் போ டை. எங்கள் தெருவில் என்னைப் பார்த்தவர்கள் பேண்டு வாத்தியக் கோஷ்டியில் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை. பார் வேலை என்று சொல்வதற்கு அது எவ்வளவோ மேல்.

எனக்குக் கைவந்தது விஸ்கி சவர். விஸ்கி, எலுமிச்சை, சர்க்கரை கலந்த பழைய பானம் அது. கப்பல்காரர்கள் ஈறு வீங்காமலிருக்க எலுமிச்சைச் சாறு குடித்தார்கள், அதைத் தொண்டையில் இறக்கச் சாராயம் சேர்த்தார்கள், புளிப்பை அடக்கச் சர்க்கரை போட்டார்கள், அப்படி வந்தது என்பார்கள். அதற்கும் முன்னால், இந்தியாவுக்கு வியாபாரம் பண்ண வந்த வெள்ளைக்காரர்கள் சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என்று ஐந்தைக் கலந்து 'பஞ்ச்' என்று குடித்தார்களாம். அந்த வகையில் பார்த்தால் விஸ்கி சவர் நமக்குப் பேரன் முறை. தலையில் வெள்ளை நுரை வைத்துக்கொண்டது பிற்பாடுதான். அந்த நுரைக்கு முட்டை வெள்ளைக்கருவை ஊற்றி, முதலில் ஐஸ் இல்லாமல் ஒரு குலுக்கு, பிறகு ஐஸ் போட்டு ஒரு குலுக்கு. தோள்பட்டை விட்டுப்போகும். ஆனால் கிளாஸில் ஊற்றும்போது மேலே நுரை மெதுவாக ஏறி நிற்கும் பாருங்கள், எனக்கே என்மேல் ஒரு மரியாதை வரும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு சேஷாத்ரி சார் வருவார். மயிலாப்பூர்க்காரர், கணக்கு லெக்சரராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் கீற்று சந்தனம், வெள்ளை மீசை, வழுக்கை. மயிலாப்பூரில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று பஸ் ஏறி தி. நகர் வருவார். ஒரே ஒரு விஸ்கி சவர். ஏழரைக்குக் கிளம்பிவிடுவார்.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை ஹோட்டலின் ஆண்டு விழா, எல்லா மேஜைக்கும் கேக். சார் தட்டைத் தள்ளி வைத்தார்.

"முட்டை போட்டிருப்பாளே? வேண்டாம்ப்பா. அறுபத்தஞ்சு வயசாறது, இதுவரைக்கும் நாக்குல பட்டதில்லை."

சொல்லும்போது அவர் மீசையில் என் நுரை ஒட்டிக்கொண்டிருந்தது.

மனுஷன் ஆயுசு முழுக்கக் காப்பாற்றி வைத்திருந்ததை, பன்னிரண்டு சனிக்கிழமையில் நான் கெடுத்துவிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? விஸ்கி குடிப்பவர் முட்டைக்கா பார்ப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கூட வேலை பார்த்த சலீமிடம் சொன்னேன்.

"மச்சி, வாய மூடிகினு இரு. அவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. மேட்டர் ஓவர்."

அடுத்த வாரம் முட்டை இல்லாமல் கலந்தேன். சார் கிளாஸைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னப்பா, இன்னிக்கு மொட்டையா இருக்கு, என் தலை மாதிரி?"

"ஷேக்கர் ரிப்பேர் சார்."

மூடி போட்ட ஒரு ஸ்டீல் குவளை. அதில் ரிப்பேராக என்ன இருக்கிறது? கணக்கு வாத்தியார் அதையும் நம்பினார். மூன்று வாரம் நம்பினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம்தான் சரஸ்வதி பூஜை வந்தது. அம்மா குக்கர் தண்ணீரை உயரத்திலிருந்து பாத்திரத்தில் வடித்தபோது நுரை பொங்கியது. எனக்குப் பொறி தட்டியது. கொஞ்சம் எடுத்து ஊறுகாய் பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினேன். வெள்ளை வெளேரென்று நுரை!

"சாமி கும்பிடற நாள்ல இன்னாடா பண்ணிகினு கீற?" என்றாள் அம்மா.

இதைக் கண்டுபிடித்த முதல் ஆள் உலகத்திலேயே நான்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் எனக்கு முன்னாலேயே குலுக்கிவிட்டான் என்று பிறகு போனில் வந்த வீடியோ ஒன்று என் மூக்கை உடைத்தது.

உப்பு போடாமல் தனியாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி எடுத்துப்போனேன். சனிக்கிழமை சார் ஒரு வாய் குடித்தார்.

"பேஷ்! ரிப்பேர் பண்ணிட்டியா?"

அங்கேயே விட்டிருக்கலாம். சலீம் தூரத்திலிருந்து கண்ணால் கெஞ்சினான். என்னால் முடியவில்லை.

"சார், இது கடலத் தண்ணி. முன்னாடி மூணு மாசம் குடிச்சதுல முட்டை இருந்துச்சு. உங்களக் கேக்காம போட்டது என் தப்பு."

சார் கர்ச்சீப்பால் மீசையைத் துடைத்தார். இரண்டு தடவை துடைத்தார். எழுந்து போய்விட்டார்.

இரண்டு சனிக்கிழமை வரவில்லை. ஆறு மணி ஆனால் நான் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பேன். மூன்றாவது சனிக்கிழமை கையில் ஒரு சின்ன ஸ்டீல் தூக்கோடு வந்தார்.

"ஆத்துல வேகவெச்ச தண்ணி. உப்பு போடலை. இனிமே இதுலதான் போடணும். உன்னை நம்பறதா இல்லை."

சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டார். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எலுமிச்சை பிழிகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

பிறகு இரண்டு வருஷம், சனிக்கிழமை தவறாமல் அந்தத் தூக்கு வந்தது. ஹோட்டலை இடிப்பதற்காக மூடிய அன்றுவரை வந்தது. இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை நிற்கிறது. நான் பெருங்குடியில் ஒரு ஐ.டி. கம்பெனி கேன்டீனில் ஜூஸ் கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறேன். நல்ல வேலை, ஞாயிற்றுக்கிழமை லீவு, போ டை கட்ட வேண்டியதில்லை.

போன வருஷம் சார் போய்விட்டார் என்று தெரிந்து மயிலாப்பூர் வீட்டுக்குப் போனேன். அதுதான் முதல் தடவை. என்னை யாரென்று எப்படிச் சொல்வது என்று நான் முழித்துக்கொண்டிருக்க, மாமியே கேட்டுவிட்டார்.

"கடலைத் தண்ணிப் பையன்தானே நீ?"

தலையாட்டினேன்.

"தலையில தேய்ச்சுண்டா முடி வளரும்னு சொல்லி வாங்கிண்டு போனார். ஒரு மாசம் நானும் நம்பறாப்பல இருந்தேன். அப்புறம் அவரே எல்லாத்தையும் சொல்லிட்டார். முட்டையையும்தான். 'சொல்லாமலே இருந்திருக்கலாம்டி, அந்தப் பையன் வாய்விட்டுச் சொன்னான்'னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போவார்."

என் மனைவி நேற்று அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் ஒரு டம்ளரில் எடுத்து வைத்தாள். ராத்திரி ஃப்ரிட்ஜில் இருந்தது. காலையில் நானே எடுத்து செடிக்கு ஊற்றினேன். ஹோட்டலை மூடியபோது கொண்டுவந்த ஷேக்கர் அலமாரியில்தான் இருக்கிறது. ரிப்பேர் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை ஆறு மணிக்குத்தான் யாரும் வருவதில்லை.