தீப்பெட்டிக்குள் பட்டுப்பூச்சி

மழை ஓய்ந்த சாயங்காலம், என்னோடு அஞ்சாம் வகுப்பு படித்த செல்வியின் கடையில் தீப்பெட்டி வாங்கித் திறந்தேன். குச்சி மருந்து வாசனையோடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிடந்த கரிசல் தரிசும் நினைவுக்கு வந்துவிட்டது. இன்று அங்கே வீடுகள்.

முதல் மழைக்கு அந்தத் தரிசின் வெடிப்புகளிலிருந்து சிவப்புப் பட்டுப்பூச்சிகள் ஊர்ந்து வரும். முதுகைத் தடவினால் வெல்வெட் துணி, சீண்டினால் கால்களை மடக்கிச் செத்ததுபோல் கிடக்கும். நம்மூர் உயிரினம் ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்று டீச்சர் சொன்னதும், வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுகிற ஊரில் காலிப்பெட்டிக்கா பஞ்சம், வகுப்பே பட்டுப்பூச்சியோடு போய் நின்றது.

"பயிரை அழிக்குத பூச்சியோட முட்டையை இவியதான் திங்குதாவ. எடுத்த எடத்துலயே விட்டுருங்க" என்றார் டீச்சர். பூச்சிக்குப் போய் 'இவிய' என்று மரியாதையா என்று வயிறு வலிக்கச் சிரித்தோம். மறுநாள் "விட்டாச்சா?" என்று கேட்டபோது, "விட்டாச்சு டீச்சர்" என்று வகுப்பே ஒரே குரலில் கத்தியது, நானும்தான்.

என்னுடையது பைக்குள் இருந்தது. அருகம்புல் போட்டும் மூன்றாம் நாள் செத்துச் சருகாகிவிட்டது. அத்தனை பேரில் நான் ஒருத்திதான் பொய் சொன்னேன் என்று இத்தனை வருடம் உறுத்திக்கொண்டே இருந்ததை இன்று செல்வியிடம் சொன்னேன்.

அவள் சில்லறையை என் கையில் வைத்தாள்.

"நானும் விடலைட்டி. அன்னைக்கு யாருதான் விட்டா?"