நரிக் கோயில் வாசலில்

தம்பி ஷெல்லடியில் செத்த செய்தி டிசம்பரில், நத்தார் பண்டிகைக்கு முந்தின கிழமை எனக்கு வந்தது. கொழும்பிலிருந்து மாமா டெலிபோன் எடுத்துச் சொன்னார். அதற்குள் யாழ்ப்பாணத்தில் செத்தவீடே முடிந்துவிட்டது. என் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வராத காலம் அது. கையிலிருந்த தற்காலிக அட்டையோடு சுவிஸ் எல்லையைத் தாண்ட ஏலாது.

அப்போது வின்டர்தூர் நகரில் ஒரு ஜப்பான் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். நத்தார் விருந்துகளால் கடை நிரம்பி வழிந்த நாட்கள். குசினியில் என்னோடு வேலை செய்த மட்டக்களப்பு அண்ணைக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

“முதலாளியம்மாட்டச் சொல்லி லீவு எடு,” என்றார்.

“எடுத்து எங்க போறது அண்ணை? அறைக்குள்ள இருந்து சுவரைப் பார்க்கிறதோ?”

அவர் என் கையிலிருந்த சட்டியை வாங்கித் தானே கழுவினார்.

முதலாளியம்மா ஜப்பான்காரி, தனி ஆள். நகரத்துக்கு வெளியே ஒரு மலைச்சரிவில், வயதான ஜப்பான் வியாபாரி ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்தில் சின்னக் கோயில் ஒன்று கட்டியிருந்தார். செல்வத்தையும் நல்ல காலத்தையும் தருகிற தெய்வமாம். நரிதான் அதற்கு ஏவலாள். அந்தப் பக்கத்தில் கடை வைத்திருந்த ஜப்பான்காரர் வருஷம் பிறந்ததும் அங்கே போய்க் கும்பிடுவார்கள். மற்ற வருஷங்களில் முதலாளியம்மா தனியாகப் போய்வருவார். அந்தத் தை மாதம் எங்களையும் வரச்சொன்னார். ஏனென்று நாங்கள் கேட்கவில்லை.

கடை பூட்டுகிற திங்கட்கிழமை அவருடைய காரில் போனோம். முன்னுக்கு ஜப்பான் சமையற்காரர், பின்னுக்கு நானும் அண்ணையும். தோட்டமெல்லாம் பனி மூடிக் கிடந்தது. சிவப்புச் சாயம் பூசிய மரவாசல். அதற்கு அப்பால் கல்லில் செதுக்கிய இரண்டு நரிகள், கழுத்தில் சிவப்புத் துணியோடு.

“இண்டைக்கு நரி முகத்தில முழிச்சிருக்கிறம். எங்களுக்கு விசா கிடைக்கத்தான் போகுது,” என்று அண்ணை என் காதுக்குள் சொன்னார். என்னைச் சிரிக்கவைக்கத்தான்.

சமையற்காரர் நரிகளுக்குப் படைக்க, பொரித்த சோயாக்கட்டிப் பொட்டலத்தோடு உள்ளே போனார். சப்பாத்தைக் கழற்றவேணுமோ என்று அண்ணை கொஞ்சம் தடுமாறிவிட்டு, கழற்றாமலே பின்னால் போனார். நான் வாசலில் நின்றுவிட்டேன். எந்த நாட்டுக் கோயில் என்றாலும் கோயில். செத்தவீட்டுத் துடக்கோடு எப்படி மிதிக்கிறது?

திரும்பிப் பார்த்தால் முதலாளியம்மாவும் என் பக்கத்திலேயே நின்றார்.

“நீ ஏன் போகவில்லை?” என்று ஜெர்மன் பாஷையான டொச்சில் கேட்டார். அவருடைய டொச்சும் என்னுடையதைப்போல அரைகுறைதான்.

“என் தம்பி செத்துப்போனான். எங்கள் வழக்கப்படி ஒரு மாதத்துக்குக் கோயிலுக்குள் போகக்கூடாது.”

“எப்போது?”

“நத்தாருக்கு முதல்.”

“நீ ஒவ்வொரு நாளும் வேலைக்கு வந்தாயே!”

“வந்தேன்.”

அவர் நரிகளைப் பார்த்தபடி சொன்னார். “எங்களிலும் இதே வழக்கம்தான். துக்கம் உள்ளவர்கள் இந்த வாசலைத் தாண்டக்கூடாது. அதனால்தான் உங்களைக் கூட்டிவந்தேன். கடைக்காக யாராவது கும்பிடவேண்டுமே.”

டிசம்பரில் ஜப்பானில் அவருடைய தாய் இறந்துபோயிருந்தார். அக்கா டெலிபோன் எடுத்து வரச்சொல்லி அழுதாராம்.

“நீங்கள் போகவில்லையா?”

“விருந்துகளுக்கெல்லாம் ஒத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது. காசும் இருந்தது. நான் கடைக்காக நின்றுவிட்டேன்.”

நானென்றால் விசாத் தராத கந்தோர்க்காரரைத் திட்டித் திட்டியாவது மனதை ஆற்றிக்கொள்ளலாம். அவருக்குத் திட்ட ஒருவரும் இல்லை.

உள்ளே கைதட்டுகிற சத்தம் கேட்டது. ஜப்பான்காரர் அப்படித்தான் தெய்வத்தைக் கூப்பிடுவார்கள். சமையற்காரரைப் பார்த்து அண்ணையும் பிந்திப் பிந்தித் தட்டினார். முதலாளியம்மா கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத்தொடங்கினார். செய்தி கேட்ட நாளிலிருந்து எனக்கு வராமலிருந்த அழுகையும் அப்போதுதான் வந்தது. அண்ணை திரும்பி வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் காரடிக்கு நடந்தார்.

அந்த வருஷம் கடை நன்றாக ஓடியது. மேசைக்காக ஆட்கள் வாசலில் காத்து நின்றார்கள். எல்லாம் தான் கும்பிட்ட கும்பிடுதான் என்று அண்ணை குசினியில் பெருமையடித்தார். முதலாளியம்மாவுக்கு மட்டும் அது சந்தோஷத்தைக் கொடுக்கவில்லை. அடுத்த கோடையில் கடையை விற்றுவிட்டு அக்காவிடம் போக முடிவெடுத்தார். வாங்கினவர் பீட்சாக் கடை போட்டார். அண்ணை அங்கேயே நின்றுகொண்டார். நான் ஒரு ஆஸ்பத்திரிக் குசினிக்குப் போனேன்.

முதலாளியம்மா புறப்பட்ட அன்று ஸ்டேஷனுக்குப் பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரயிலுக்குக் காத்திருக்கும்போது என் தம்பியின் பெயர் என்னவென்று கேட்டார். சொன்னேன். திரும்பச் சொல்லிப் பார்த்தார். வாயில் சரியாக வரவில்லை. இன்னொரு தரமும் சொல்லிப் பார்த்தார். வேறு யாருடைய பெயரோ போல இருந்தது. நான் திருத்தவில்லை. ரயில் வந்ததும் பெட்டிகளை ஏற்றிக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.