சுவரோடு ஒரு பந்தயம்

மூக்குக் கண்ணாடிக் கடையில் அவள் வேலையை யாரும் குறை சொன்னதில்லை. சட்டத்தை லேசாக வளைத்து, காதுக்கு இதமாக உட்காரவைத்து, திருகாணியை முடுக்கி, துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் நிமிர்வாள். வாடிக்கையாளர் எதிரில் காத்து நின்றால் கை தானாக ஓடும். கடைக்கு வெளியே அவள் தொட்டது எதுவும் முடிந்ததாகச் சரித்திரமே இல்லை. ஒரு கை மட்டும் வைத்த கம்பளிச் சட்டை. பின்னால் எடுக்கக் கற்பதற்குள் நின்றுபோன கார் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் அவளுக்குப் பெயரே 'பாதி'. வைத்த புண்ணியவதி அதே வகுப்புக்கு வரும் கூடப்பிறந்த தங்கை.

வகுப்பு முழுவதும் வேன் பிடித்துக் கிராமத்துப் பக்கம் இரண்டு நாள் படம் வரையக் கிளம்பியபோது தங்கை வாயைத் திறந்தாள். "எங்க அக்கா வாழ்க்கையில முழுசா முடிஞ்சது கல்யாணம் ஒண்ணுதான். அதுவும் மாமா அவசரப்படுத்தினதால."

அவளுக்குச் சுருக்கென்றது. "இந்தத் தடவை ஒரு படமாவது முடிக்கலைன்னா கலர் பெட்டியை உனக்கே குடுத்துடறேன். அப்புறம் பிரஷ்ஷையே தொடமாட்டேன்," என்றாள், வேன் முழுக்கக் கேட்கும்படி.

"பெட்டியோட பிரஷ்ஷும் உண்டுதானே?"

வேன் சிரித்துக் குலுங்கியது. அவள் கலர் பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு. அந்தப் பெட்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நினைக்கவே பயமாக இருந்தது.

தங்கிய பண்ணையில் ஒரு கொட்டகை. அதன் சுவரில் பச்சை உரிந்து மஞ்சள் தெரிந்தது, மஞ்சள் உரிந்து செங்கல் தெரிந்தது. எல்லோரும் அதன் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சொக்கிப்போனார்கள். பண்ணைக்காரர் தூரத்தில் நின்று முகம் சுருங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். 'பாதி'யின் தாளில் சுவரின் இடது பாதி மட்டும் இருந்தது.

மறுநாள் காலையில் போனால் பண்ணைக்காரர் ஏணியில் நிற்கிறார். சுவரின் வலது கோடி பளிச்சென்று வெள்ளை.

"இத்தனை பேர் இவ்வளவு தூரம் வந்து இந்த அசிங்கத்தைப் போய் வரையறீங்க. எனக்கு மானமே போச்சும்மா. மத்தியானத்துக்குள்ள புதுசா ஆக்கிடறேன், நிம்மதியா வரையுங்க."

ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். தங்கை சிரிக்கவில்லை. "அக்கா, இது கணக்குல வராது. பெட்டியை நீயே வச்சுக்கோ," என்றாள் மெதுவாக. கிண்டலைப் பொறுத்தவளால் இந்தப் பரிதாபத்தைப் பொறுக்க முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெள்ளை இருந்தால் வெள்ளை. ஏணி இருந்தால் ஏணி, ஆளும் சேர்த்துத்தான். அவர் அடித்து முடித்து ஏணியை எடுப்பதற்குள் முடித்தாக வேண்டும்.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா அடிங்க."

தன் வயசைப் பார்த்துச் சொல்கிறாள் என்று அவருக்கு ரோஷம். "எனக்கென்ன அவ்வளவு வயசாயிடுச்சா?" என்று வேகத்தைக் கூட்டினார். அப்புறம் கேட்க வேண்டுமா? அவர் வலமிருந்து வர, அவள் நேற்று விட்ட பாதியிலிருந்து வலப்பக்கம் போனாள். ஆசிரியர் தண்ணீர் கொடுத்து அவரைத் தாமதப்படுத்தப் பார்த்தார். மனிதர் ஒரு கையால் குடித்து மறு கையால் பெயின்ட் உருளையை ஓட்டினார். அவள் காபியில் பிரஷ்ஷைக் கழுவினாள். கழுவிய காபியைக் குடிக்கப்போனவளைத் தங்கை தடுத்தாள். பண்ணைக்காரரின் மனைவி புருஷன் பக்கம் கூச்சல் போட, வகுப்பு முழுக்க இவள் பக்கம் கத்தியது. அவளுக்கோ கொண்டாட்டம். சுவரே வாடிக்கையாளராக வந்து எதிரில் காத்து நின்றதுபோல் கை பறந்தது.

"நாலடிதான்க்கா பாக்கி. ஏணியை நகர்த்தறாரு," என்று தங்கை நடனமாடாத குறையாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சுவரில் கையகலம் பழசு மிச்சமிருந்தபோது அவள் பிரஷ்ஷைத் தாளிலிருந்து எடுத்தாள். தாளில் வெற்றிடம் இல்லை. பாதி பழசு, பாதி புதுசு, நடுவில் ஏணிமேல் ரோஷக்கார மனிதர்.

"முடிஞ்சுது," என்றாள். தன் குரலை அவளே நம்பவில்லை.

"கையெழுத்தைப் போடுக்கா."

பிரஷ் அந்தரத்தில் நின்றது. மேலேயா, கீழேயா? இதுவரை எந்தப் படத்திலும் அந்த இடத்துக்கு அவள் வந்து சேர்ந்ததே இல்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே கண்ணீரும்.

"வலது பக்கம், கீழே," என்று தங்கை தாள் நகராமல் பிடித்துக்கொண்டாள்.

அவள் போட்டாள். படத்தில் இருந்த ஏணியின் கால் வரை நீண்டது கையெழுத்து.

"ஒரு படத்துக்கு இவ்வளவு பெரிசாவா?"

"முடிக்காத எல்லாத்துக்கும் சேர்த்துடி."